குளோரியா பார்த்த புள்ளிகள்

குளோரியா பி.எஸ்ஸி. கடைசி வருடம் படித்தபோது செய்முறைத் தேர்வில் அவளுக்கு ஒரு கண்ணாடித் தொட்டியும், தண்ணீரும், நாலு சொட்டுப் பாலும், ஒரு டார்ச் விளக்கும் கொடுத்தார்கள். பாலைத் தண்ணீரில் விட்டுக் கலக்கி ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்தால், பக்கவாட்டில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் லேசான நீலமாகத் தெரியும். எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால் விளக்கு சிவந்திருக்கும். பகலில் வானம் நீலமாகவும் அந்தியில் சிவப்பாகவும் இருப்பதற்கு இந்த ஒளிச்சிதறல்தான் காரணம் என்று எழுதினால் முழு மதிப்பெண். குளோரியா அதை எழுதிவிட்டு, சொந்தமாக இரண்டு வரி சேர்த்தாள். நேராக வந்து சேரும் வெளிச்சம் விளக்கைப் பற்றித்தான் சொல்கிறது. எதிலோ மோதித் திசை மாறிய வெளிச்சம்தான் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறது. தேர்வாளர் அந்த இரண்டு வரியையும் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'தேவையில்லை' என்று எழுதினார்.

அது தொண்ணூற்று மூன்றாம் வருடம். எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்று குளோரியாவுக்கு ஆசை. ஆனால் அந்தக் கோடையில் பெங்களூர் காக்ஸ் டவுன் வீட்டுக் குளியலறையில் அப்பா வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்து, அவர் கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை. சீக்கிரம் வேலைக்குப் போகிற படிப்பாக ஒன்று தேவைப்பட்டது. இரண்டு வருடம் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்து, பிரேசர் டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். ஒரு மைக்ராஸ்கோப்பும் ஒரு பழைய குளிர்பெட்டியுமாக இருந்த இடம் அது. அவள் அங்கே இருக்கும்போதே அது மூன்று மாடியாகவும் நகரெங்கும் பத்துப் பன்னிரண்டு கிளைகளாகவும் வளர்ந்தது. குளோரியா மட்டும் டெக்னீஷியனாகச் சேர்ந்து சீனியர் டெக்னீஷியனோடு நின்றாள்.

அவள் சேர்ந்து பதிமூன்று வருடம் கழித்து, ரத்த அணுக்களை எண்ணும் பெரிய இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. கம்பெனியிலிருந்து வந்த என்ஜினியர் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து விளக்கினார். ரத்தத்தை நீர்க்கச் செய்து, முடியைவிட மெல்லிய குழாயில் அணுக்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவார்கள். ஒவ்வொன்றும் ஒரு லேசர் கதிரைத் தாண்டிப் போகும். தாண்டும்போது வெளிச்சம் சிதறும்; அதை ஸ்கேட்டர் என்பார்கள். முன்பக்கமாகச் சிதறுவது அணு எவ்வளவு பெரியது என்று சொல்லும். பக்கவாட்டில் சிதறுவது அதற்குள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று சொல்லும். திரையில் ஓர் அணுவுக்கு ஒரு புள்ளி. ஆயிரக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து திட்டுத் திட்டாகத் தெரியும். சின்னதாக, உள்ளே ஒன்றுமில்லாத வெள்ளணுக்கள் கீழே இடது ஓரத்தில். உள்ளே மணல் கொட்டிய மாதிரி இருப்பவை வலது பக்கம். பெரியவை நடுவில் மேலே.

மற்றவர்கள் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று குறித்துக்கொண்டார்கள். குளோரியா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பால் தொட்டி. அதே பால் தொட்டிதான். பாலுக்குப் பதில் மனுஷ ரத்தம், அவ்வளவே. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் புருஷன் லாயிடிடம் ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினாள். லாயிட் ஒரு கான்வென்டின் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். "சரி குளோரி, சம்பளம் ஏத்துவாங்களா?" என்று கேட்டான்.

வருடங்கள் போகப் போக அந்தப் புள்ளித் திட்டுகள் அவளுக்கு அக்கம்பக்கத்து முகங்கள் மாதிரி ஆகிவிட்டன. இயந்திரம் எண்ணிக்கையை அச்சடித்துத் தரும். பெரும்பாலோர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். குளோரியா திட்டின் உருவத்தைப் பார்ப்பாள். ஓரம் மழுங்கியிருக்கிறதா, கூட்டம் மேலே இழுத்திருக்கிறதா, இரண்டு திட்டுகளுக்கு நடுவே வெறுமையாக இருக்கவேண்டிய இடத்தில் ஏதாவது இருக்கிறதா. சந்தேகம் வந்தால் ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, டாக்டரிடம் கொண்டுபோய் வைப்பாள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது டாக்டர்தான். நோயாளியிடம் முடிவைப் பற்றி டெக்னீஷியன் வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே முதல் நாளே சொல்லித்தரும் விதி.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஆகஸ்டில் பெங்களூர் முழுக்க டெங்கு. காலை ஆறரைக்கே வாசலில் வரிசை நிற்கும். கிளைகளிலிருந்து பெட்டி பெட்டியாக ரத்தக் குழாய்கள் வந்து இறங்கும். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள ஸ்னேஹா என்ற எம்.பி.ஏ. பெண் வந்திருந்தாள். சுறுசுறுப்பானவள், சிரித்த முகம். புள்ளிக் கூட்டத்தில் கோளாறு தெரிந்தால் இயந்திரமே எச்சரிக்கை காட்டும். எச்சரிக்கை வந்தால் ஸ்லைடு போட்டு டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். அதனால் ரிப்போர்ட் தாமதமாகிறது, செல்போன் ஆப்பில் ஜனங்கள் ஒற்றை நட்சத்திரம் போடுகிறார்கள் என்று சொல்லி, அந்த எச்சரிக்கையின் அளவை ஸ்னேஹா தளர்த்தச் சொன்னாள். என்ஜினியர் வந்து தளர்த்திவிட்டுப் போனார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். அடுகோடிக் கிளையிலிருந்து வந்த பெட்டியில் ஒரு குழாய். ஆண், வயது முப்பத்து நாலு, ஐந்து நாளாகக் காய்ச்சல். பிளேட்லெட் அறுபதாயிரத்துக்கு இறங்கியிருந்தது. அந்த மாதத்தில் அது அதிசயமே இல்லை. இயந்திரம் எச்சரிக்கை எதுவும் காட்டவில்லை. ஆனால் திரையில், சின்ன வெள்ளணுக்களின் திட்டுக்கு மேலே, எப்போதும் காலியாக இருக்கிற இடத்தில், புகை மாதிரி ஒரு நான்காவது திட்டு இருந்தது. பெரிய அணுக்கள்; உள்ளே சரக்கு இல்லாதவை.

குளோரியா ஸ்லைடு போட்டாள். மைக்ராஸ்கோப்பில் அவை தனித்தனியாகத் தெரிந்தன. அணு முழுவதையும் கருவே அடைத்துக்கொண்டு, சுற்றிலும் நூல் மாதிரி ஒரு கரை. எலும்பு மஜ்ஜைக்குள் இருந்து வளரவேண்டியவை, வளராமலே வெளியே ரத்தத்தில் வந்து திரிகிறவை. ரத்தப் புற்றுநோயில் அப்படி வரும். திரைப் படத்தை அச்செடுத்து, அந்தத் திட்டைப் பால்பாயின்ட் பேனாவால் வட்டமிட்டு, 'பெரிய செல்கள். தயவுசெய்து மறுபடி பார்க்கவும்' என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே தன் பெயரின் முதலெழுத்தும் தேதியும் நேரமும் போட்டு, ஸ்லைடோடு கிளிப் மாட்டிக்கொண்டுபோய் டாக்டர் ஹரிஷ்குமாரின் மேசையில் வைத்தாள்.

ஹரிஷ்குமார் கெட்டவர் அல்ல. மூன்று கிளைகளுக்கு அவர் ஒருவரே டாக்டர். அன்றைக்கு அவர் மேசையில் ஏற்கெனவே நாற்பது ஸ்லைடு இருந்தது. குளோரியா கொண்டுவந்ததை எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட இல்லை.

"வைரல் இது. இந்த சீசன்ல எல்லாருக்கும் இப்படித்தான் வருது."

"டாக்டர், வைரல்னா செல்லுக்குள்ள நீலம் அதிகமா இருக்கும். ஓரம் பக்கத்து சிவப்பணுவ அணைச்சுக்கிட்ட மாதிரி வளைஞ்சு போகும். இதுல அந்த மாதிரி இல்ல. ஸ்கேட்டர்லயும் தனியா நிக்குது, பாருங்க."

ஹரிஷ்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குளோரியா, நீங்க பிசிக்ஸ் படிச்சவங்க. புள்ளிய நீங்க பாருங்க. செல்ல நான் பாக்குறேன்."

அச்செடுத்த தாளின் மேலேயே 'வைரலின் எதிர்விளைவு' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டுத் தள்ளினார். பக்கத்தில் இருந்த இரண்டு டெக்னீஷியன்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

குளோரியா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். காது சுட்டது. படிவத்தில் அந்த மனிதனின் பெயர் சுனில் என்று இருந்தது. கீழே போன் நம்பர். மேசைப் போனை எடுத்து எண்களை அழுத்தினாள். எட்டு எண் வரைக்கும் போனாள். என்ன சொல்வது? எங்கள் டாக்டர் சொன்னதை நம்பாதீர்கள் என்றா? தான் சொல்வது தப்பாக இருந்தால்? காய்ச்சலில் படுத்திருப்பவனிடம் புற்றுநோய் என்று சொல்லிவிட்டு, நாளைக்கு இல்லை என்று ஆனால்? இப்படியெல்லாம் யோசித்தாள் என்று பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அந்த நேரத்தில் அவள் நினைத்தது லாயிடைத்தான். இரண்டு வருடம் முன்னால் லாயிடுக்கு இதய அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. வேன் வேலை போய்விட்டது. அவனுடைய வைத்தியம் முழுக்க குளோரியாவின் ஆபீஸ் இன்சூரன்ஸில்தான் ஓடிக்கொண்டிருந்தது. போனை வைத்தாள். பிளேட்லெட் இவ்வளவு குறைந்திருந்தால் மூன்று நாளில் மறுபடி ரத்தம் கொடுக்க வருவான், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வட்டமிட்ட தாளை மடித்துத் தன் பதிவேட்டுக்குள் வைத்தாள்.

சுனில் மறுபடி அங்கே வரவில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் வரவேற்பு மேசையில் சத்தம் கேட்டது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் ஒரு கனத்த ஃபைலோடு நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினாள்.

"ஆகஸ்ட்ல இங்கதான் டெஸ்ட் பண்ணோம். வைரல்னு குடுத்தீங்க. நாங்க பப்பாளி இலை சாறு குடுத்துக்கிட்டு உக்காந்திருந்தோம், ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்னு. இப்ப ரத்தத்துல கேன்சர்னு சொல்றாங்க. அன்னைக்கு எடுத்த மெஷின் ரெகார்ட் எனக்கு வேணும். ஸ்லைடும் வேணும்."

வரவேற்பில் இருந்த பெண் கன்னடத்தில், கொஞ்சம் உட்காருங்கள் என்றாள். "கூத்கொள்ளோக்கே டைம் இல்லம்மா," என்றாள் வந்தவள், உட்கார நேரமில்லை என்று. குளோரியா கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கையில் ரத்தக் குழாய் அடுக்கோடு நின்று எல்லாவற்றையும் கேட்டாள். வந்தவளின் பெயர் பார்கவி என்பதும், சுனிலின் மனைவி என்பதும், அடுகோடியில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள் என்பதும் அப்புறம் தெரியவந்தன.

அன்றைக்கு நாலு மணிக்கு ஸ்னேஹா குளோரியாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். காப்பி வரவழைத்தாள். மேசையில் டைப் அடித்த ஒரு தாள் இருந்தது.

"மேடம், இது ஜஸ்ட் ஃபார்மாலிட்டி. அன்னைக்கு அடுகோடிலேர்ந்து சாம்பிள் லேட்டா வந்துது. லேட்டானா செல் ஊதிப் போகும், ஸ்கேட்டர் மாறிப் போகும். கரெக்ட்தானே? நீங்கதான் ட்ரெய்னிங்ல இத சொல்லிக்குடுப்பீங்க."

"சொல்லிக்குடுப்பேன். ஆனா அது லேட்டா வரல. ரெண்டு மணி நேரத்துல வந்துடுச்சு. நான்தான் இறக்குனேன்."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா? மூணு மாசம் ஆச்சே மேடம். அன்னைக்கு ஐந்நூறு சாம்பிள்." ஸ்னேஹா தாளை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். "டாக்டர் பேர் இதுல வந்தா லேபுக்கே ப்ராப்ளம். லேபுக்கு ப்ராப்ளம்னா எல்லாருக்கும் ப்ராப்ளம். சாருக்கு ஹார்ட் செக்கப் அடுத்த மாசம்தானே?"

அவள் மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் விசாரித்தாள். குளோரியா வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். வீட்டில் லாயிட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உண்மைய நீ மாத்தலையே. டாக்டர் பாத்துட்டாரு, முடிஞ்சுது. ஒரு கையெழுத்துதானே?" என்றான். மறுநாள் காலை குளோரியா கையெழுத்துப் போட்டாள். ரத்தம் வெகுநேரம் வெயிலில் இருந்ததால் அணுக்கள் உருமாறியிருக்கலாம் என்று அந்தத் தாள் சொன்னது. கேட்கிறவனுக்கு அது நியாயமாகத்தான் படும். பொய்யென்று தெரிய வேண்டுமானால் அவள் அளவுக்கு அதைப் படித்திருக்க வேண்டும்.

அந்தத் தாளில் எழுதாத ஒரு பெயரும் அந்தப் பொய்க்குள் இருந்தது. அடுகோடியில் ரத்தம் எடுத்துப் பெட்டியில் வைத்து பைக்கில் கொண்டுவருகிறவன் பச்சைமுத்து. திருவண்ணாமலைப் பக்கம் ஊர். மனைவி, இரண்டு பிள்ளைகள். ஒன்பது வருடமாக அந்த வேலை. அடுத்த திங்கட்கிழமை அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணமும் சொன்னார்கள், யார் எழுதிக்கொடுத்தது என்பதையும் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து குளோரியா வீட்டுக்கு வந்தபோது பச்சைமுத்து கேட்டுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். உள்ளே வா என்றாள். வரவில்லை.

"இன்னாக்கா, அந்த சாம்பிள நீதான வாங்கின? ஐஸ் உருகலன்னு நீதான சொன்ன? 'பச்ச, இன்னைக்கு சீக்கிரம் வந்துட்ட'ன்னு சொன்னியா இல்லயா?"

குளோரியா ஆமென்று தலையாட்டினாள்.

"அந்த ஆளுக்கு ஊசி போட்டது நானு. கை நடுங்கிக்கினு இருந்தாரு, காய்ச்சல்ல. 'ஒண்ணுமில்ல சார், டெங்குவா இருக்கும்'னு சொல்லிட்டு வந்தேன். இப்ப அந்தம்மா நாந்தான் ரத்தத்த கெடுத்தேன்னு நெனச்சிக்கினு இருக்கும். வேல போனா போவுது. வேற வேல தேடிக்குவேன். ஆனா நான் கெடுத்தேன்னு எழுதிக் குடுத்துட்டியேக்கா."

அவன் கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான். லாயிட் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று நாள் குளோரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள், பதிவேட்டில் மடித்து வைத்திருந்த அந்தத் தாளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, பஸ் மாறி அடுகோடிக்குப் போனாள். படிவத்தில் இருந்த விலாசம் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. லேத் பட்டறைகள் இருந்த தெருவில், ஒரு வெல்டிங் கடைக்கு மேல் மாடியில் வீடு. சுனில் ஆஸ்பத்திரியில் இருந்தான். பார்கவி துணி மாற்றி எடுத்துப்போக வந்திருந்தாள். லேபிலிருந்து வருகிறேன் என்றதும் அவள் முகம் இறுகியது. இருந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

குளோரியா தாளை விரித்து மேசையில் வைத்தாள். "இது அன்னைக்கு எடுத்தது. உங்க வீட்டுக்காரரோடது."

பார்கவி குனிந்து பார்த்தாள். "என்ன இது, புள்ளி புள்ளியா?"

"ஸ்கேட்டரிங். ஒளிச்சிதறல். ஒவ்வொரு செல்லு மேலயும் லேசர் பட்டு சிதறும்..."

"நாங்க சிதறல்னா விதை பரவுறதத்தான் எடுப்போம். எருக்கு, இலவு, காத்துல போறது," என்றாள் பார்கவி. பழக்கதோஷத்தில் வந்த பேச்சு. "தாய்ச் செடிக்குக் கீழயே விழுந்தா வெளிச்சமும் தண்ணியும் கிடைக்காது, அதனாலதான் விலகிப் போகுதுன்னு பசங்களுக்குச் சொல்லுவேன். முத்தின விதைதான் போகும்."

"இதுல முத்தாதது போயிருக்கு," என்றாள் குளோரியா. சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட வார்த்தை என்று உறைத்தது. "மஜ்ஜைலயே வளரவேண்டியது. வளராமலே வெளிய வந்துடுச்சு. சின்ன செல்லு இங்க இருக்கும். பெரிசு இங்க. நடுவுல இந்த இடம் காலியா இருக்கணும்."

பார்கவி அறிவியல் டீச்சர். இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. வட்டத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு பக்கத்தில் இருந்த கையெழுத்தைப் படித்தாள். தேதியைப் படித்தாள். நேரத்தைப் படித்தாள்.

"இந்த வட்டம் யாரு போட்டது?"

"நான்தான்."

"அப்ப அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"சந்தேகமா இருந்துச்சு. டாக்டர்ட்ட கொண்டுபோய்க் காட்டுனேன். அவரு இல்லன்னுட்டாரு."

"ஃபார்ம்ல எங்க போன் நம்பர் இருந்துச்சில்ல?"

"இருந்துச்சு."

"நான் ஏழு வாரம் பப்பாளி இலை அரைச்சேன் மேடம். தினம் காலைல எழுந்து. அவரு கசக்குது கசக்குதுன்னு சொல்லிக்கிட்டே குடிச்சாரு. நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா போதுமே. 'வேற எடத்துல ஒரு தடவ பாருங்க'ன்னு, அவ்ளோதான். பேர்கூட சொல்ல வேணாம்."

எட்டு எண்வரை அழுத்தினேன் என்று சொல்ல குளோரியாவுக்கு வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை, அதைக் கேட்டு அந்தப் பெண் என்ன செய்ய முடியும்? பச்சைமுத்து ரத்தத்தைக் கெடுக்கவில்லை, அது சரியான நேரத்துக்கு வந்தது, நான் எழுதிக்கொடுத்தது பொய் என்று மட்டும் சொன்னாள். பார்கவி தாளை எடுத்து ஃபைலில் வைத்தாள்.

"இதக் குடுத்ததுக்கு தேங்க்ஸ்னு சொல்லணும். எனக்கு வரல. ஏதும் நினைச்சுக்காதீங்க," என்று எழுந்தாள்.

சுனில் பிப்ரவரியில் இறந்தான். சிகிச்சைக்கு நடுவே தொற்று வந்து நுரையீரலைப் பிடித்துக்கொண்டது. ஏழு வாரம் முன்னாலேயே ஆரம்பித்திருந்தால் பிழைத்திருப்பானா என்று பார்கவி கேட்டதற்கு, ஆஸ்பத்திரி டாக்டர், பிழைத்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை அவள் கடைசிவரை கையில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

பார்கவி நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டாள். குளோரியா சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டாள். அந்தச் செய்தி லேபுக்கு எட்டிய வாரமே, ஆட்குறைப்பு என்று காரணம் காட்டி அவளை அனுப்பினார்கள். இருபத்தெட்டு வருடத்துக்கு ஒரு வெண்கலத் தட்டும் சால்வையும் கொடுத்தார்கள். ஸ்னேஹா கட்டிப்பிடித்து, "மிஸ் யூ மேடம்," என்றாள். இன்சூரன்ஸ் அந்த மாதக் கடைசியோடு நின்றது.

விசாரணை அன்று குளோரியா இஸ்திரி போட்ட புடவையில் போயிருந்தாள். சிதறல் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் நிதானமாக எடுத்துச் சொன்னாள். அந்தப் படம் ஏன் வைரல் அல்ல, ரத்தம் பழையதாக இருந்தால் புள்ளிகள் வேறு எப்படி நகர்ந்திருக்கும், அப்படி நகரவில்லை என்பதற்கு மற்ற மூன்று திட்டுகளும் எப்படி அத்தாட்சி என்று விரல் வைத்துக் காட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, அவள் சொல்வதை நாலு பேர் குறுக்கிடாமல் கேட்டார்கள். பேசி முடித்தபோது அவளுக்கே குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது.

லேபின் வக்கீல் எழுந்தார். ஒரே ஒரு தாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"சாம்பிள் லேட்டா வந்துது, ஸ்கேட்டர நம்ப முடியாதுன்னு இதுல நீங்க சொல்லியிருக்கீங்க. இப்ப சரியான நேரத்துக்கு வந்துது, ஸ்கேட்டர் சரிதான்னு சொல்றீங்க. எது பொய்?"

"அது பொய்."

"அப்ப நீங்க பொய் எழுதிக் கையெழுத்துப் போடுறவங்க."

குளோரியா பார்கவி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினாள். பார்கவி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்குப் போட்டேன்," என்றாள் குளோரியா. வக்கீல் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஸ்லைடைக் காணவில்லை என்று லேப் சொன்னது. இயந்திரத்தின் பழைய பதிவுகள் மென்பொருள் மாற்றியபோது அழிந்துவிட்டன என்றும் சொன்னது. மிஞ்சியது ஒரு அச்சுத் தாளும், இரண்டு விதமாகப் பேசிய ஒரு சாட்சியும். பதிவுகளைச் சரியாகப் பாதுகாக்காதது குறைபாடு என்று ஒரு தொகையைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தாளில் டாக்டர் எழுதியது தவறான கருத்தாக இருக்கலாம், ஆனால் மருத்துவக் கவனக்குறைவு நிரூபணமாகவில்லை. ஹரிஷ்குமார் அதற்கு முன்பே வெள்ளைச் சலவைக்கல் பதித்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துறைத் தலைவராகப் போய்ச் சேர்ந்திருந்தார். பச்சைமுத்து உணவு டெலிவரிக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டு, தீர்ப்பு நகலில் சாம்பிள் தாமதம் என்பதற்கு ஆதாரமில்லை என்று ஒரு வரி இருந்ததை அவனுக்குச் சொல்லலாம் என்று குளோரியா போன் செய்தாள். அவன் முழுக்கக் கேட்டான்.

"சரிக்கா. அத வெச்சி நான் இன்னா பண்றது?" என்றான். போனை வைப்பதற்கு முன், "இனிமே கூப்டாத," என்றான்.

ஐம்பத்து மூன்று வயதில், இந்த வழக்குக் கதை தெரிந்த பிறகு, எந்த லேபும் அவளை எடுக்கவில்லை. இப்போது காக்ஸ் டவுனில் நாலைந்து பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு இயற்பியல் ட்யூஷன் எடுக்கிறாள். லாயிடின் வைத்தியம் அரசு ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டது. மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையிலேயே போய் டோக்கன் எடுத்து, மத்தியானம்வரை பெஞ்சில் உட்கார வேண்டும்.

சென்ற மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, லாயிட் சுவரைப் பார்த்தபடி சொன்னான்:

"நீ பேசாம இருந்திருக்கலாம் குளோரி."

குளோரியா அவன் பக்கம் திரும்பினாள். குரல் தாழ்ந்துதான் வந்தது.

"எப்ப லாயிட்? முதல்லயா, கடைசிலயா?"

உள்ளேயிருந்து நர்ஸ் கன்னடத்தில் அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள். அது அவர்களுடையது அல்ல. இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள்.